நடுவர்கள் கைவிட்டபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டப்பந்தயத்தில் யார் முந்தினார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். கதைப் போட்டியிலும் ஆய்விதழிலும் ஆய்வு நல்கை (ஆய்வுக்கான நிதியுதவி) தரும் குழுவிலும் இசை மேடையிலும் அதைச் சொல்ல மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அவர்கள் சொன்ன முடிவில் தன் பெயர் இல்லாமல் போனவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரு பத்தி. ஆறுதலைவிடத் தகவல் அதிகம்.

முடிவு இன்றுதான் வந்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். குழுவுக்குப் பதில் மடல் வேண்டாம். சமூக ஊடகத்தில் பெயர் சொல்லாமல் பொடிவைத்து எழுத வேண்டாம். வென்றவரின் படைப்பைத் தேடியெடுத்துக் குறை கண்டுபிடிக்க உட்கார வேண்டாம். 'இனி எதற்கும் அனுப்பமாட்டேன்' என்ற முடிவை மட்டும் கட்டாயம் இன்றைக்கு எடுக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்; ஏன் என்பதற்குக் கீழே ஆதாரமும் இருக்கிறது.

வருத்தப்படலாம். அழலாம். நெருங்கிய ஒருவரிடம் நியாய அநியாயம் பார்க்காமல் புலம்பலாம். ஒருவர் போதும். பத்துப் பேரிடம் சொன்னால் நாளைக்கு மனம் ஆறிய பிறகும் அந்தப் பத்துப் பேர் விசாரித்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு பரிசுதானே, ஏன் இவ்வளவு வலிக்கிறது?

மாதக்கணக்கில் உழைத்து, உங்கள் ரசனையை நம்பி, உங்கள் பெயரைப் போட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறீர்கள். நிராகரிக்கப்பட்டது படைப்புதான், படைத்தவர் இல்லை என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. உள்ளே இருப்பவருக்கு அந்தக் கோடு அவ்வளவு துலக்கமாகத் தெரிவதில்லை.

மயிரிழையில் தவறவிட்டவர்களுக்கு வலி இன்னும் கூடுதல். விக்டோரியா மெட்வெக், ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் என்ற மூன்று உளவியலாளர்கள் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் ஒளிப்பதிவுகளை எடுத்து, பதக்கம் பெற்றவர்களின் முகபாவங்களை மற்றவர்களைக் கொண்டு மதிப்பிட வைத்தார்கள். 1995இல் வெளியான அந்த ஆய்வின்படி, வெண்கலம் வென்றவர்கள் வெள்ளி வென்றவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளி வாங்கியவர் கைநழுவிய தங்கத்தை நினைக்கிறார். வெண்கலம் வாங்கியவர் நான்காம் இடத்திலிருந்து தப்பித்ததை நினைக்கிறார். குறும்பட்டியல் வரை வந்து விடுபட்டவர், முதல் சுற்றிலேயே வெளியேறியவரைவிடத் துவண்டுபோவதில் வியப்பில்லை. "அவ்வளவு தூரம் போனதே பெரிது" என்று வீட்டில் தட்டிக்கொடுக்கும்போது எரிச்சல் வந்தால், அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

நடுவர்களின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்?

பெரும்பாலோர் நினைப்பதைவிடக் குறைவாக. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இயந்திரக் கற்றல் துறையின் முன்னணி மாநாடுகளுள் ஒன்றான நியூரிப்ஸ், 2014இல் தன்னையே சோதித்துக்கொண்டது. வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை, ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தது. இப்படி இரட்டை மதிப்பீடு பெற்ற 166 கட்டுரைகளில் ஏறத்தாழ கால்வாசியில் இரு குழுக்களும் மாறுபட்டன. கால்வாசிதானே என்று தோன்றும். ஆனால் ஏற்கப்படுபவையே மொத்தத்தில் நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் ஒரு குழு ஏற்ற கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றக் குழு நிராகரித்திருந்தது. 2021இல் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். மாநாடு பல மடங்கு பெரிதாகியிருந்தது. முடிவு ஏறக்குறைய அதே. 2014 சோதனையை நடத்திய கொரின்னா கோர்ட்டெஸும் நீல் லாரன்ஸும் பின்னாளில் இன்னொன்றையும் பார்த்தார்கள்: ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பீட்டாளர்கள் தந்த மதிப்பெண்ணுக்கும், அந்தக் கட்டுரைகள் பிற்காலத்தில் மேற்கோள் காட்டப்பட்ட எண்ணிக்கைக்கும் தொடர்பு இருக்கவில்லை.

இது புதிய செய்தியும் அல்ல. 1961இல் அமெரிக்காவின் கல்வித் தேர்வுச் சேவை நிறுவனத்துக்காக நடந்த ஆய்வில், மாணவர்களின் 300 கட்டுரைகளை வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேர் ஒன்பது தரங்களில் மதிப்பிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் பெற்றன. ஐந்துக்கும் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. கட்டுரை என்றால் அப்படித்தான், கணக்கில் நடக்காது என்று நினைப்பவர்களுக்கு: 1913இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் ஒரே வடிவியல் விடைத்தாளைப் பல ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தபோது மதிப்பெண்கள் 28இலிருந்து 95 வரை சிதறிக் கிடந்தன.

இவற்றுள் நெஞ்சில் தைப்பது 1982இல் டக்ளஸ் பீட்டர்ஸும் ஸ்டீபன் சேசியும் வெளியிட்ட ஆய்வு. புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து வந்து, உளவியல் ஆய்விதழ்களில் ஏற்கனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்தார்கள். ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் கற்பனைப் பெயர்களாக மாற்றி, அதே ஆய்விதழ்களுக்கே அனுப்பினார்கள். மூன்றை மட்டும் அடையாளம் கண்டுகொண்டார்கள். மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. பலவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணம், ஆய்வு முறையில் கடுமையான குறைபாடு.

அப்படியானால் எல்லாமே குலுக்கல் சீட்டுதானா?

இல்லை. இந்த இடத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் விழுவது சுகமாக இருக்கிறது. மேலே சொன்ன மாநாட்டில் தேர்வு முழுக் குலுக்கலாக இருந்திருந்தால், ஒரு குழு ஏற்றவற்றில் முக்கால்வாசிக்கும் மேல் மற்றக் குழுவால் தள்ளப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் அது பாதிக்குச் சற்று மேல்தான். நடுவர்களின் கண்ணுக்கு ஏதோ தெரியத்தான் செய்கிறது, மங்கலாகத் தெரிகிறது.

2006இல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் ஓர் இசைச் சோதனையை வெளியிட்டார்கள். பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெவ்வேறு 'உலகங்களாக'ப் பிரித்து, பரிச்சயமில்லாத 48 பாடல்களைக் கேட்க வைத்தார்கள். தன் உலகத்தில் மற்றவர்கள் எதைத் தரவிறக்கினார்கள் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். ஓர் உலகத்தில் உச்சத்துக்குப் போன பாட்டு இன்னோர் உலகத்தில் நடுவில் கிடந்தது. ஆனால் மிகச் சிறந்தவை அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நடக்கலாம்.

நம்மில் பெரும்பாலோர் அந்த இடைப்பட்ட பகுதியில்தான் இருக்கிறோம். நல்லவை நூறு வந்து இடம் பத்து மட்டுமே இருக்கும்போது, பதினொன்றாவதையும் நாற்பதாவதையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் யாரிடமும் இல்லை. நிதி வழங்கும் அமைப்புகள் சில இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டுவிட்டன. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013இல் ஒரு வகை நல்கைக்குத் தகுதி பெற்ற விண்ணப்பங்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் அகாதெமியும் 2022இல் தன் சிறு நல்கைகளுக்கு அந்த வழிக்கு வந்தது. தகுதியைப் பார்த்துச் சலித்தெடுப்பார்கள், அதற்குப் பின் சீட்டு. எனக்கு இது நேர்மையானதாகவே படுகிறது. சீட்டு விழாதவர் தன் அறிவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

நடுவர்கள் ஏன் இப்படி மாறுபடுகிறார்கள்? வேண்டுமென்றே செய்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. களைப்பு, வரிசை, முன்பு படித்ததன் தாக்கம், சொந்த ரசனை என்று பலவும் அறியாமலே கலக்கின்றன.

பிரஸ்ஸல்ஸில் நடக்கும் எலிசபெத் அரசி பியானோ போட்டியின் இறுதிச் சுற்றில் யார் எந்த நாளில் வாசிப்பது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். ஆகவே நாளுக்கும் திறமைக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. ஆனால் முதல் நாளில் வாசித்தவர்களுக்கு முன்வரிசை இடம் கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்ததைப் பொருளியலாளர்கள் ரெனாட்டோ ஃப்ளோரஸும் விக்டர் கின்ஸ்பர்க்கும் 1996இல் காட்டினார்கள். கின்ஸ்பர்க் 2003இல் யான் ஃபான் அவுர்ஸுடன் சேர்ந்து இன்னொரு படி போனார்: அப்படி அதிர்ஷ்டத்தின் துணையோடு கிடைத்த தரவரிசையே, பிறகு அந்தக் கலைஞரின் தொழில் வாழ்க்கையை உயர்த்திவிடுகிறது. ஆகவே 'பரிசு ஒன்றும் முக்கியமில்லை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முக்கியம்தான். முக்கியமாகவும் இருக்கிறது, ஓரளவு தற்செயலாகவும் இருக்கிறது. அதனால்தான் விழுங்கக் கடினமாக இருக்கிறது.

சியா-ஜுங் சாய் 2013இல் வெளியிட்ட சோதனையும் இசைப் போட்டிகளைப் பற்றியதுதான். ஒலியே இல்லாத காட்சித் துணுக்குகளை மட்டும் பார்த்தவர்கள், ஒலியைக் கேட்டவர்களைவிடச் சரியாக உண்மையான வெற்றியாளரைக் கண்டுபிடித்தார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களுக்கும் அப்படியேதான். இசையைத்தான் மதிப்பிடுகிறோம் என்று அந்த நடுவர்கள் மனதார நம்பியிருப்பார்கள்.

குழு என்று வந்துவிட்டால் இன்னொரு சிக்கல். ஒருவர் உயிரை விடும் அளவுக்கு விரும்பி, இன்னொருவர் வெறுக்கும் படைப்பு, சராசரியில் அடிபட்டுப்போகும். யாருக்கும் ஆட்சேபம் இல்லாத படைப்பு மேலே வரும். 1980 வார்சா ஷோபின் பியானோ போட்டியில் இவோ பொகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகாதபோது, அவர் ஒரு மேதை என்று சொல்லி நடுவர் மார்த்தா ஆர்கெரிச் குழுவிலிருந்தே வெளியேறினார். ஒரே மேசையில் இருந்தவர்கள், ஒரே வாசிப்பைக் கேட்டவர்கள்.

எனக்கு ஓரவஞ்சனை நடந்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். முறையிடலாமா?

விதிமீறல் இருந்தால் முறையிடுங்கள். நடுவர் ஒருவர் வென்றவரின் உறவினர் அல்லது ஆய்வு வழிகாட்டி, அதைச் சொல்லாமல் மறைத்தார். அறிவிப்பில் இருந்த சொல் வரம்பை வென்ற படைப்பு மீறியிருக்கிறது. உங்கள் விடைத்தாளில் ஒரு பக்கம் திருத்தப்படவே இல்லை. மதிப்பீட்டாளர் உங்கள் கட்டுரையில் இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதியிருக்கிறார். இவை ஆவணத்தால் காட்டக்கூடியவை. தேர்வு என்றால் மறுகூட்டல், மறுமதிப்பீடு என்ற வழிகள் இருக்கும். ஆய்விதழ் என்றால் பதிப்பாசிரியருக்கு எழுதலாம். கெடு முடிவதற்குள், ஒரு பக்கத்துக்குள், உரிச்சொற்களைக் குறைத்து எழுதுங்கள். 'அதிர்ச்சியும் வேதனையும் அடைந்தேன்' என்று தொடங்கும் கடிதத்தை முழுவதும் படிக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் வாய்ப்பு உண்டா என்று விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

'என் கதையை அவர்களுக்குப் பிடிக்கவில்லை' என்பது முறையீட்டுக்குரியது ஆகாது. பிடிக்காமல் போக அவர்களுக்கு உரிமை உண்டு; போட்டியில் பெயர் கொடுத்தபோது நீங்களும் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு பாலினத்தாரோ ஒரு பிரிவினரோ ஒரு மொழியினரோ ஆண்டுதோறும் விடுபட்டுக்கொண்டே இருந்தால் அது வேறு கதை. அதை ஒரு தனி நபரின் குறையாகக் கொண்டுபோனால் எளிதில் தள்ளிவிடுவார்கள். பல ஆண்டுப் பட்டியல்களைத் திரட்டி, பலர் கையெழுத்திட்டு, பெயர் மறைத்த மதிப்பீடு போன்ற ஒரு திட்டவட்டமான மாற்றத்தைக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய நிலை அவர்களுக்கு வரும்.

மதிப்பீட்டாளர் குறிப்புகளைப் படித்தாலே ரத்தம் கொதிக்கிறது. எப்படிப் படிப்பது?

முதல் நாளில் ஒருமுறை படித்துவிட்டு மூடி வையுங்கள். சில நாள் கழித்து எடுத்து, ஒவ்வொரு குறிப்பையும் ஒரு தாளில் உங்கள் சொந்த வார்த்தைகளில் திருப்பி எழுதுங்கள். அவர்களுடைய தொனி அதிலேயே பாதி கழன்றுவிடும்.

பிறகு இடத்தைப் பாருங்கள். ஒரு மதிப்பீட்டாளர் 'மூன்றாம் பகுதி நீளம்' என்கிறார், இன்னொருவர் 'மூன்றாம் பகுதியில் விளக்கம் போதவில்லை' என்கிறார். ஒன்றுக்கொன்று முரண், ஆகவே இரண்டும் குப்பை என்று தூக்கிப் போடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இருவருமே மூன்றாம் பகுதியில்தான் இடறியிருக்கிறார்கள். நோய் இருக்கும் இடத்தை வாசகர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். மருந்துதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மருந்தை நீங்களே தேட வேண்டும்.

'மதிப்பீட்டாளருக்குப் புரியவில்லை' என்பது உண்மையாகவே இருக்கலாம். அடுத்த மதிப்பீட்டாளருக்கும் அதே அவசரமும் அதே கவனச் சிதறலும் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 1964இல் பீட்டர் ஹிக்ஸின் சிறு கட்டுரை ஒன்றை ஓர் ஐரோப்பிய ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. தான் சொல்வதன் முக்கியத்துவம் அங்கே புரியவில்லை என்றுதான் அவர் நினைத்தார். ஆனாலும் கட்டுரையை விரித்து, தன் கோட்பாட்டின்படி புதியதொரு துகள் இருக்க வேண்டும் என்ற செய்தியைச் சேர்த்து, அமெரிக்க ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அவர் பெயரைத் தாங்கி நிற்கும் துகளின் முன்கணிப்பு அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. 2013இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. திருப்பி அனுப்பியவர்கள் சரி என்று இதற்குப் பொருளில்லை. தவறான நிராகரிப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

குறிப்பே இல்லை. 'வருந்துகிறோம்' என்று ஒரு வரிதான் வந்திருக்கிறது.

அந்த ஒரு வரியைத் துருவித் துருவிப் படிக்க வேண்டாம். எல்லோருக்கும் போன அச்சுக் கடிதம் அது. 'மீண்டும் அனுப்புங்கள்' என்று தனிப்பட ஒரு வரி சேர்த்திருந்தால் அதை அப்படியே நம்புங்கள். மரியாதைக்காக அப்படி எழுதிப் பின்னால் கூடுதல் வேலையை வரவழைத்துக்கொள்ளும் பதிப்பாசிரியர்கள் குறைவு. குறிப்பு வேண்டும் என்றால் உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் இரண்டு பேரிடம் படைப்பைக் கொடுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் வரும். 'எந்த இடத்தில் கவனம் சிதறியது' என்று கேளுங்கள்.

என்னைவிடச் சுமாரானவருக்குக் கிடைத்துவிட்டது. பொறாமையாக இருக்கிறது.

இருக்கட்டும். பொறாமை வந்ததற்காக இன்னொரு முறை வருந்த வேண்டாம். ஆனால் ஒன்று: அவர் உங்கள் இடத்தைப் பறிக்கவில்லை. அவரும் அதே மங்கலான கண்ணாடி வழியாகப் பார்க்கப்பட்டவர்தான். அவரை வாழ்த்துவது கடினமாக இருந்தால் ஒரு வாரம் கழித்து வாழ்த்துங்கள், ஒரு வரி போதும்.

மேலே சொன்ன 1980 வார்சா போட்டியில் முதல் பரிசு பெற்றவர் வியட்நாமைச் சேர்ந்த டாங் தாய் சோன். ஊர் முழுவதும் பேசியது தேர்வாகாதவரைப் பற்றி. அந்தப் போட்டியில் வென்ற முதல் ஆசியர் அவர். அந்த இரைச்சலுக்கு நடுவே பரிசை வாங்கிக்கொண்டு போய்த் தொடர்ந்து வாசித்தார், கற்பித்தார். 2021இல் அதே போட்டியில் வென்ற புரூஸ் லியூ அவருடைய மாணவர். தோற்றவர் பக்கம் மட்டும்தான் வலி என்று எண்ணிக்கொள்கிறோம்.

பெரிய மேதைகளும் நிராகரிக்கப்பட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாகவே இல்லை.

நியாயம். அந்தக் கதைகள் உண்மைதான். ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் சிட்ரிக் அமிலச் சுழற்சி பற்றி அனுப்பிய குறிப்பை, இடமில்லை என்று 'நேச்சர்' இதழ் திருப்பியது; 1953இல் நோபல். ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் தள்ளிய பிறகு 1970இல் நான்காவது வெளியிட்டது, 2001இல் நோபல். ரோசலின் யாலோ 1977இல் நோபல் உரை நிகழ்த்தியபோது, தன் கட்டுரையை நிராகரித்த பழைய கடிதத்தையே காட்டினார். ஆனால் இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வென்றவர்கள். நிராகரிக்கப்பட்டு அப்படியே மறைந்துபோனவர்களைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. எனவே 'அவருக்கு நடந்தது, உனக்கும் நடக்கும்' என்பதில் தர்க்கம் இல்லை.

மேதைகளை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னும் பயனுள்ள ஒன்று கிடைக்கிறது. யாங் வாங், பெஞ்சமின் ஜோன்ஸ், டஷுன் வாங் மூவரும் 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்களின் நல்கைக்கு விண்ணப்பித்த இளம் ஆய்வாளர்களை ஆராய்ந்தார்கள். எல்லைக்கோட்டை மயிரிழையில் தாண்டியவர்கள் ஒருபுறம், மயிரிழையில் தவறியவர்கள் மறுபுறம். தவறியவர்களில் கணிசமானோர் அந்த அமைப்பை விட்டே போய்விட்டார்கள். விடாமல் நின்றவர்களோ, பத்தாண்டுகளில் வென்றவர்களைவிடச் செல்வாக்குள்ள கட்டுரைகளை எழுதியிருந்தார்கள். பலவீனமானவர்கள் விலகியதால் மட்டும் இந்த வேறுபாடு வந்துவிடவில்லை என்பதையும் சோதித்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, நெதர்லாந்தில் தைஸ் போல் உள்ளிட்ட மூவர் இதே போன்ற எல்லைக்கோட்டைப் பார்த்தபோது இருண்ட பக்கம் தெரிந்தது. மயிரிழையில் வென்றவர்கள் அடுத்த எட்டு ஆண்டுகளில், மயிரிழையில் தோற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆய்வு நிதி திரட்டியிருந்தார்கள். காரணங்களில் ஒன்று, தோற்றவர்கள் அடுத்த நல்கைகளுக்கு விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அதாவது முதல் அடியை நடுவர் கொடுத்தார்; அடுத்தடுத்த அடிகளில் ஒரு பங்கை அவர்களே தங்களுக்குக் கொடுத்துக்கொண்டார்கள். 'இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள்' என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். நடுவரின் தற்செயலை நீங்கள் நிரந்தரமாக்கிவிடக் கூடாது.

துறையின் பெரிய மனிதரே எனக்கு எதிராக இருக்கிறார். என்ன செய்ய முடியும்?

1935 ஜனவரி 11 அன்று லண்டனில், அரச வானியல் கழகக் கூட்டத்தில், 24 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் தன் முடிவை முன்வைத்தார். சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன் வெண்குறுமீனாக (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனாக) நிலைத்து நிற்க முடியாது என்பது அதன் சாரம். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் மிகப் பெரிய பெயர், அதை அவையின் முன் எள்ளி நகையாடினார். கணக்கில் பிழை காட்டி மறுத்தார் என்று சொல்ல முடியாது; விண்மீன் அப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் இயற்கை தடுத்துவிடும் என்பதே அவர் வாதம். தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கம் இருந்த இயற்பியலாளர்கள் உண்டு. வெளிப்படையாக யாரும் மோதவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சில ஆண்டுகள் வாதாடினார். பிறகு அந்தப் பொருளைப் பற்றி ஒரு முழு நூலை 1939இல் வெளியிட்டு, கணக்கை அச்சில் விட்டுவிட்டு, வேறு ஆய்வுக்கு நகர்ந்துவிட்டார். எடிங்டனின் மனம் மாறும் என்று வாசலில் காத்திருக்கவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தபோது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கேம்பிரிட்ஜில் எடிங்டனின் நூற்றாண்டு உரைகளை நிகழ்த்தியவரும் அவரே. அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வாய்க்காது. வேலையை முழுமையாக எழுதிப் பதிவு செய்துவிட்டு, அந்த ஒருவரின் அதிகாரம் எட்டாத இடத்துக்கு நகர்வது பலருக்கும் இயலும்.

எத்தனை முறை முயல்வது? எப்போது நிறுத்தலாம்?

எண் சொல்ல மாட்டேன். ஒரே படைப்பு பல இடங்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவர்களிடமிருந்து, ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்தால் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டு திருத்துங்கள், அல்லது அதை ஒதுக்கிவைத்து அடுத்ததைத் தொடங்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு காரணம் வந்தால் இன்னும் அனுப்பிப் பார்க்கலாம்.

போட்டியை நிறுத்துவது வேறு, வேலையை நிறுத்துவது வேறு. முடிவுகளுக்காகக் காத்திருப்பதே வாழ்க்கையாகி, எழுதவோ ஆராயவோ தோன்றவில்லை என்றால் ஓராண்டு எதிலும் கலந்துகொள்ளாமல் இருப்பது நல்ல முடிவு. முழுவதுமாக விலகுவதும் குற்றமில்லை. அதை ஒரு நல்ல நாளில், பசியும் கோபமும் இல்லாத நேரத்தில் முடிவு செய்யுங்கள்.

நடுவர்களுக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ளலாமா?

நல்கை விண்ணப்பத்தில் தாராளமாக. அங்கே அவர்களின் மொழியில் பேசுவது வேலையின் ஒரு பகுதி. கதையிலும் ஓவியத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. அடுத்த ஆண்டு நடுவர்கள் மாறிவிடுவார்கள். மாற்றிக்கொண்ட கை உங்களிடம்தான் இருக்கும்.

என் பிள்ளை அல்லது என் மாணவர் தோற்றுவிட்டார். என்ன சொல்வது?

'நடுவர்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லாதீர்கள். அடுத்த முறை அதே நடுவர்கள் பரிசு கொடுத்தால் அந்தப் பரிசுக்கும் மதிப்பில்லாமல் போய்விடும். 'இன்னும் உழைத்திருக்கலாம்' என்பதும் வேண்டாம். உழைக்காதது காரணமாக இல்லாமல் இருக்கலாம். உடன் உட்காருங்கள், கேளுங்கள். எந்தப் பகுதியைச் செய்யும்போது பிடித்திருந்தது என்று பிறகு ஒருநாள் கேளுங்கள். வளர்ந்த மாணவராக இருந்தால் மேலே சொன்ன சோதனைகளைக் காட்டலாம். தீர்ப்புகள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொள்ளும் வயது அது.

தோல்விகளை வெளியில் சொல்லலாமா?

நிலைபெற்றவர்கள் சொன்னால் மற்றவர்களுக்கு நல்லது. ஆய்வாளர் மெலனி ஸ்டீஃபன் 2010இல் 'நேச்சர்' இதழில், ஒவ்வொருவரும் தன் தோல்விகளின் தன்விவரப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். 2016இல் பிரின்ஸ்டன் பேராசிரியர் யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபர் தன் பட்டியலை வெளியிட்டார். தன் ஆய்வுகள் அனைத்தையும்விட இந்தப் பட்டியல்தான் அதிகம் கவனிக்கப்பட்டது என்பதையும் அதிலேயே ஒரு தோல்வியாகச் சேர்த்தார். வேலை தேடிக்கொண்டிருக்கும் நிலையில் நீங்கள் இதை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்காக மட்டும் எழுதி வைத்தாலே போதும்.

வாரக்கணக்கில் மனம் தேறவில்லை என்றால்?

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், உதவி எண்ணை அழையுங்கள்.

மறுபடி அனுப்பும்போது, முன்பு நிராகரிக்கப்பட்டதைச் சொல்ல வேண்டுமா?

படிவத்தில் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. சில ஆய்விதழ்கள் முந்தைய மதிப்பீட்டுக் குறிப்புகளையும் உங்கள் பதில்களையும் சேர்த்து அனுப்ப அனுமதிக்கின்றன. திருத்தம் வலுவாக இருந்தால் அது உதவும். ஒரே ஆய்வுக் கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பக்கூடாது. கதை, கவிதை இதழ்களில் பல அதை அனுமதிக்கின்றன, ஓரிடத்தில் ஏற்கப்பட்டால் மற்ற இடத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அனுப்பும் முன் முகவரியையும் இதழின் பெயரையும் சரிபாருங்கள். பழைய இதழின் பெயர் அப்படியே இருக்கும் முகப்புக் கடிதங்கள் பதிப்பாசிரியர்களுக்கு அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன.